அறிமுகமும் ஒரு முதல்தான்

2009 இல் யுத்தம் முடிந்த பின்னர் எமது கிராமங்களுக்கு வந்த வாழ்வாதார உதவிகளில் தையல் இயந்திரத்துக்குத் தனி இடம் உண்டு. கோழிக் குஞ்சுகள், ஆட்டுக்குட்டிகள், மா அரைக்கும் இயந்திரங்கள் என்று வேறு பலவும் வந்தன. பயிற்சி வகுப்புகள் நடந்தன, சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. சமூகப் பணியாளராக நான் இன்று அதே வீடுகளுக்குப் போகும்போது, பல தையல் இயந்திரங்கள் பழைய சேலையால் மூடப்பட்டு மூலையில் நிற்பதைக் காண்கிறேன். ஏன் என்று கேட்டால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்.

"தைக்கத் தெரியும் மிஸ். ஆனால் தைக்க ஆர் தருவினம்? இந்த ஒரு ஒழுங்கைக்குள்ளேயே எட்டுப் பேர் தைக்கிறம்."

இந்தப் பதிலை நாம் கவனமாகக் கேட்க வேண்டும். இச்சகோதரியிடம் திறமை இருக்கிறது. இயந்திரமும் இருக்கிறது. தைத்துக் கொடுப்பதற்கு ஆள் இல்லை. தொழில் தொடங்குவதற்குப் பணம் வேண்டும், பொருள் வேண்டும், கைத்திறன் வேண்டும் என்று எல்லோரும் சொல்லிக் கொடுக்கிறார்கள். நாலாவதாக ஒன்று வேண்டும் என்பதை அநேகமாக யாரும் சொல்வதில்லை. அதுதான் ஆளறிமுகம். எம்மைத் தெரிந்தவர்கள், எமது பொருளைத் தெரிந்தவர்கள், எமது சொல்லை நம்புகிறவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்பதே ஒரு சிறுதொழில் நிமிர்வதையும் படுப்பதையும் பெருமளவுக்குத் தீர்மானிக்கிறது. பணத்தைப் போலவே அறிமுகத்தையும் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். அதை எப்படிச் சேர்ப்பது, எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பற்றியே இக்கட்டுரையில் பேசப் போகிறேன்.

கிட்டிய உறவும் எட்டிய அறிமுகமும்

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில் எனக்கு அறிமுகமான ஒரு கருத்து, கிராமத்துக்கு வேலை செய்ய வந்த பின்னர்தான் நன்றாக விளங்கியது. அமெரிக்கச் சமூகவியலாளரான மார்க் கிரனோவெற்றர் 1973 ஆம் ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார். பொஸ்ரன் நகருக்கு அருகே அண்மையில் தொழில் மாறியவர்களை அவர் ஆராய்ந்திருந்தார். தெரிந்தவர் ஒருவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், "அந்தத் தகவலைத் தந்தவரை நீங்கள் அந்நாட்களில் எவ்வளவு தடவை சந்திப்பீர்கள்?" என்று கேட்டார். அடிக்கடி சந்திப்பவர் என்று சொன்னவர்கள் 16.7 வீதம்தான். இடைக்கிடை சந்திப்பவர் என்று சொன்னவர்கள் 55.6 வீதம். மிக அரிதாகச் சந்திப்பவர் என்றோர் 27.8 வீதம். அதாவது, வாழ்க்கைக்கு வேண்டிய புதிய செய்தி பெரும்பாலும் நெருங்கிய உறவினரிடமிருந்து வரவில்லை. ஓரளவுக்குத் தெரிந்தவர்களிடமிருந்தே வந்தது.

இதற்குக் காரணம் எளிது. எமது தமக்கைக்குத் தெரிந்தது எமக்கும் தெரியும். எமது பக்கத்து வீட்டுக்காரி போகும் சந்தைக்குத்தான் நாமும் போகிறோம். நெருங்கியவர்கள் எல்லோரும் ஒரே செய்தியையே திரும்பத் திரும்பப் பரிமாறிக் கொள்கிறார்கள். சற்றுத் தூரத்தில் நிற்பவருக்கோ வேறு ஊர், வேறு கடை, வேறு மனிதர்கள் தெரியும்.

எமது நிலைமையில் இது இன்னும் கூர்மையாகிறது. நாம் நெருங்கி வாழும் பெண்களும் எம்மைப் போலவே கணவனை இழந்தவர்கள், அல்லது காணாமற்போன பிள்ளையைத் தேடுகிறவர்கள், அல்லது கடனோடு மல்லுக் கட்டுகிறவர்கள். ஒருவர் துயரத்தில் ஒருவர் தாங்கி நிற்பதற்கு இந்த உறவு போல் வேறொன்றும் இல்லை. ஆனால் பொருள் வாங்குவதற்கு அவர்கள் கையிலும் காசு இல்லை. எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே விற்றால், ஒரே 1,000 ரூபா எட்டு வீடுகளைச் சுற்றி வருமே தவிர, வெளியிலிருந்து புதிய 1,000 ரூபா உள்ளே வராது.

இடப்பெயர்வு எமது தொடர்புகளை அறுத்துவிட்டது என்று நாம் எப்போதும் கவலைப்படுகிறோம். அது உண்மை. 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டு வெளியேறியவர்களும், 2009 இல் வன்னியிலிருந்து முகாம்களுக்குள் போனவர்களும் தமது ஊரையும் அயலையும் ஒருங்கே இழந்தார்கள். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர், தண்ணீருக்கு ஒரே வரிசையில் நின்றவர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றபோது பனடோல் தந்தவர் எல்லோரும் இன்று எங்கே? 2012 செப்ரெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டபோது அவர்கள் மன்னாருக்கும் வவுனியாவுக்கும் திருகோணமலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பிரிந்து போய்விட்டார்கள். சிலர் கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் எமக்கு உறவினர் இல்லை. ஆனாலும் எம்மை மறக்கமாட்டார்கள். இத்தனை ஊர்களில் எமக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதை நாம் ஒரு வசதியாக எண்ணிப் பார்த்ததில்லை.

ஒரு கொப்பியும் முப்பது பெயர்களும்

நான் சுயதொழில் செய்யும் பெண்களோடு வேலை செய்யும்போது முதலில் ஒரு கொப்பி எடுக்கச் சொல்வேன். உங்களைத் தெரிந்த 30 பேருடைய பெயரை எழுதுங்கள் என்பேன். அநேகமானோர் 10, 12 பெயரோடு நின்றுவிடுவார்கள். எல்லாம் சகோதரம், மச்சாள், மாமி, அயலட்டை.

அப்போது சில கேள்விகள் கேட்பேன். உங்கள் வீட்டுக்கு வேலை நிமித்தம் வந்து போகிறவர் யார்? குடும்பநல உத்தியோகத்தர், கிராம அலுவலர், தண்ணீர்க் கட்டணம் எழுத வருபவர். நீங்கள் வழக்கமாகப் போகும் பஸ்ஸின் நடத்துநர் யார்? பிள்ளையின் முன்பள்ளி ஆசிரியை எந்த ஊர்? கோவில் அன்னதானத்துக்குச் சமைப்பவர் யார்? நீங்கள் தூள் இடிக்கக் கொண்டுபோகும் மில்லில் வேறு யார் யார் வருகிறார்கள்? முகாமில் உங்களோடு இருந்தவர்களில் யாருடைய தொலைபேசி இலக்கம் இன்னும் இருக்கிறது? இப்படிக் கேட்கக் கேட்க, முப்பதைத் தாண்டிவிடும்.

நான் அறிந்த ஒரு சகோதரியின் அனுபவத்தைச் சொல்கிறேன். கடைசி யுத்தத்தில் கணவர் காணாமற்போனவர். இரண்டு பிள்ளைகள். மிளகாய், மல்லி, சின்னச்சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் பக்குவமாக வறுத்து இடித்த யாழ்ப்பாணத்துக் கறித்தூள்தான் அவருடைய தொழில். பல மாதங்களாக ஊருக்குள் மட்டுமே விற்றுக்கொண்டிருந்தார். பாதி கடன். கொப்பியில் பெயர்கள் எழுதிய பின்னர், உறவினர் அல்லாதவர்களில் ஒருவர் விடாமல் பேசிப் பார்க்கத் தொடங்கினார். "என்ரை தூளை வாங்குங்கோ" என்று அவர் கேட்கவில்லை. "நான் தூள் இடிச்சுக் குடுக்கிறன். உங்களுக்குத் தெரிஞ்ச ஆருக்கும் மாதா மாதம் தூள் தேவைப்படுமோ?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வியில் ஒரு நுட்பம் உண்டு. வாங்குங்கள் என்றால் எதிரிலிருப்பவர் ஆம் அல்லது இல்லை என்று சொல்ல வேண்டிய இக்கட்டுக்குள் போகிறார். யாரையாவது தெரியுமா என்றால் அவர் யோசிக்கிறார். முன்பள்ளி ஆசிரியை யோசித்தார். அவருடைய தமக்கை யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளை வைத்து விடுதி நடத்துகிறார் என்பது நினைவுக்கு வந்தது. அங்கே மாதம் 4 கிலோ தூள் செலவாகும். மெனிக் பாமில் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவர் வவுனியாவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். அவரும் எடுக்கத் தொடங்கினார். எழுதிய முப்பது பேரில் பெரும்பாலோரால் எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று பேரால் நடந்தது. அந்த மூன்று பேரே அவருடைய தொழிலை ஒழுங்கைக்கு வெளியே கொண்டுபோனார்கள்.

அனுதாபம் ஒருமுறைதான் வாங்கும்

ஆளறிமுகம் என்றதும் எம்மில் சிலர் தமது கதையைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். கணவர் இல்லை, வீடு இல்லை, பிள்ளைக்குக் கால் இல்லை. கேட்பவர் மனம் இரங்கி இரண்டு பைக்கற் வாங்குவார். அடுத்த மாதம் அவரே எம்மைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார். அவர் கல் மனதுக்காரர் என்பதல்ல. உதவி செய்தாயிற்று, கடமை முடிந்தது என்று நினைக்கிறார். பொருள் நல்லதா என்று அவர் பார்க்கவே இல்லை.

எமது துயரம் உண்மையானது. அதைச் சொல்வதற்கு உரிய இடங்கள் இருக்கின்றன; கேட்பதற்கு எம்மைப் போன்றவர்கள் இருக்கிறோம். ஆனால் கடை மேசையின் மீது அதை வைக்க வேண்டாம். அங்கே வைக்க வேண்டியது பொருள். "இந்தத் தூளைப் போட்டு ஒரு கறி வைச்சுப் பாருங்கோ. பிடிச்சால் மட்டும் அடுத்த கிழமை சொல்லுங்கோ" என்று 50 கிராம் கொடுத்துவிட்டு வருவது, ஒரு மணித்தியாலம் கதை சொல்வதைவிடப் பயன் தரும்.

இந்தியாவின் லிஜ்ஜத் அப்பள நிறுவனத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1959 ஆம் ஆண்டு பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபா கடன் வாங்கி, தாம் குடியிருந்த கட்டடத்தின் மொட்டைமாடியில் அப்பளம் இட்டார்கள். முதல் நாள் விற்றது 4 பைக்கற். தெரிந்த வியாபாரி ஒருவரே அவற்றை வாங்கினார். நட்டம் வந்தாலும் எவரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று அவர்கள் தொடக்கத்திலேயே தீர்மானித்துக்கொண்டார்கள். இன்று அதில் 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பங்காளிகள். அவர்களுக்குக் கிடைத்த முதல் உறவு ஒரு வியாபாரி. அந்த உறவைக் காப்பாற்றியது அப்பளத்தின் தரம்.

தரம் என்றால் எப்போதும் ஒரே மாதிரி இருப்பது. கடைக்காரர் ஒருவர் என் முன்னிலையில் ஒரு பெண்ணிடம் சொன்னது இது: "தங்கச்சி, உங்கட தூள் நல்லதுதான். ஆனால் போன முறை சிவப்பு, இந்த முறை கறுப்பு. வாங்கிற சனம் என்னைத்தான் பேசுது." வறுக்கும் பதம், உப்பு, நிறை எல்லாவற்றையும் எழுதி வைத்து அளந்து செய்தால் இந்தக் குறை வராது. பைக்கற்றின் மேல் பொருளின் பெயர், சேர்ந்துள்ள பொருட்கள், நிகர நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, உங்கள் பெயர், முகவரி என்பன இருக்க வேண்டும். இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அவர் தேடி வருவதற்கு முன்னர் நீங்களே போய்ச் சந்தித்து, சுட்டுத்துண்டில் என்னென்ன எழுத வேண்டும் என்று கேளுங்கள். கேட்டு வருபவரை அவர் நினைவில் வைத்திருப்பார். அவரும் உங்கள் கொப்பியில் ஒரு பெயராகிவிடுவார்.

கடைக்காரரோடு எப்படிப் பேசுவது?

ஏ9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்டு 2009 இன் பின்னர் மீண்டும் திறந்தபோது, தெற்கிலிருந்து லொறி லொறியாகப் பொருட்கள் வந்தன. தொழிற்சாலையில் பொதி செய்த தூளும் பிஸ்கற்றும் சவர்க்காரமும் எமது சின்னஞ்சிறு கடைகளிலும் தொங்குகின்றன. விலையில் எம்மால் அவற்றோடு போட்டியிட முடியாது. கடைக்காரர் எமது பொருளை எடுப்பதற்கு வேறு காரணம் வேண்டும். ருசி ஒரு காரணம். முடிந்ததும் சொன்னால் நாளைக்கே கொண்டுவந்து தருவார் என்ற நம்பிக்கை இன்னொரு காரணம். பழுதானால் முகம் சுளிக்காமல் மாற்றித் தருவார் என்பது மூன்றாவது.

போகும் நேரம் முக்கியம். காலையில் பாண் வாங்கச் சனம் நிற்கும்போதும், பின்னேரம் பள்ளிக்கூடம் விடும்போதும் போக வேண்டாம். முற்பகல் 10 மணிக்குப் பின்னர் கடையில் ஓய்வாக இருக்கும். முதல் நாளே பொருளைத் திணிக்க வேண்டாம். இரண்டு தரம் அங்கே ஏதாவது வாங்குங்கள். எந்தத் தூள் அதிகம் போகிறது, எந்த அளவுப் பைக்கற்றைச் சனம் கேட்கிறது என்று விசாரியுங்கள். அதன் பின்னர் உங்கள் பொருளைக் காட்டுங்கள்.

பெரும்பாலான கடைக்காரர்கள், "வைச்சிட்டுப் போங்கோ, வித்தாப் பிறகு காசு தாறன்" என்பார்கள். இதற்கு உடன்படலாம். ஆனால் கணக்கை விளங்கிக் கொண்டு உடன்பட வேண்டும். உதாரணமாக, ஒரு பைக்கற் செய்ய 160 ரூபா செலவாகிறது. கடைக்கு 200 ரூபாவுக்குக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 20 பைக்கற் வைத்தால் உங்கள் செலவு 3,200 ரூபா. மாத முடிவில் 12 விற்று 2,400 ரூபா கையில் வருகிறது. கையில் காசைக் கண்டதும் இலாபம் என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் முதலுக்கே இன்னும் 800 ரூபா குறை. ஆகவே முதலில் 5 பைக்கற் வையுங்கள். அது முடிந்த வேகத்தைப் பார்த்து அடுத்த தொகையைத் தீர்மானியுங்கள். வைத்த எண்ணிக்கை, திகதி, விலை மூன்றையும் இரண்டு சிட்டையில் எழுதி இருவரும் கையொப்பமிட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். "என்ன தங்கச்சி, நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டால், "உங்களை நம்பித்தான் அண்ணை தந்திட்டுப் போறன். என்ரை மறதிக்காகத்தான் எழுதுறன்" என்று சொல்லுங்கள். எழுத்தில் இருக்கும் கணக்கு உறவைக் கெடுக்காது. எழுதாத கணக்கே கெடுக்கும்.

இன்னொரு விடயம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் மாரி மழை. மிளகாய் காயாது, ஒடியல் காயாது, வடகம் போட முடியாது. இது ஒவ்வொரு வருடமும் தெரிந்த சங்கதி. ஆனாலும் எம்மில் பலர் ஒன்றும் சொல்லாமல் கடைக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள். தையில் திரும்பிப் போகும்போது அந்த இடத்தில் வேறொருவருடைய பொருள் தொங்கும். புரட்டாதியிலேயே போய், "மழைக்காலத்திலை குறைவாத்தான் தருவன் அண்ணை, தை பிறக்கத் திரும்பத் தாறன்" என்று சொல்லி வைத்தால் இடம் காத்திருக்கும். இயலாது என்பதை முன்கூட்டியே சொல்பவரை வியாபாரிகள் நம்புவார்கள்.

உறவினருக்குக் கடன் கொடுப்பது பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். மச்சாளுக்கு எப்படி மறுப்பது? மறுக்க வேண்டாம். மாதத்துக்கு இவ்வளவுதான் இனாம் அல்லது கடன் என்று ஓர் அளவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அது முடிந்ததும், "இது கடைக்குக் கணக்குக் காட்ட வேண்டிய சாமான் மச்சாள்" என்று சொல்ல முடியும்.

வெளியே போகும் பெண்ணும் ஊர் வாயும்

இவ்வளவும் வாசிக்கும் உங்களில் பலர் மனதில் ஒரு கேள்வி எழும். கணவன் இல்லாத பெண் கடை கடையாகப் போய் ஆண்களோடு பேசினால் ஊர் என்ன சொல்லும்? இது சின்ன விடயமல்ல. திறமையுள்ள பெண்கள் பலர் தொழிலைக் கைவிட்டதற்கு நட்டத்தைவிட இந்தப் பயமே காரணமாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன். ஒரு சகோதரி சொன்னார்: "மிஸ், ஒரு நாள் லொறிக்காரரோடை கதைச்சன். பின்னேரம் மாமி வீட்டிலை வேறை கதை நடக்குது."

ஊர் வாயை ஒரே நாளில் மூட முடியாது. ஆனால் அதற்குத் தீனி போடாமல் தொழில் செய்ய வழிகள் உண்டு. இருவராகப் போங்கள். ஒருவர் தூளும் ஒருவர் வடகமும் கொண்டு போனால் செலவும் பாதியாகும். பகலில், கடை மேசைக்கு முன்னால், எல்லோரும் பார்க்கப் பேசுங்கள். மாமியையோ மூத்த உறவுக்காரரையோ ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் கடைக்காரருக்கு அறிமுகம் செய்து வையுங்கள். கதை கட்டக்கூடியவரே சாட்சியாகிவிடுவார். தொலைபேசியில் இரவு 7 மணிக்குப் பின்னர் வியாபாரம் பேசுவதில்லை என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

எல்லை மீறும் ஆண்களும் இருக்கிறார்கள் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஓடர் தருகிறேன், அனுமதி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லி வேறொன்றை எதிர்பார்க்கிறவர்கள் உண்டு. அந்த ஓடர் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் விட்டு விலகுங்கள். அதை விடுவதால் உங்கள் தொழில் அழியாது. பாலியல் தொந்தரவு இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின்படி குற்றம். அது 1995 இல் சட்டமானது. அரச உத்தியோகத்தர் ஒருவர் தமது கடமையைச் செய்வதற்குப் பாலியல் ரீதியான இலஞ்சம் கேட்பது 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தின்படியும் குற்றம். பெண்களுக்கான அரசாங்க உதவித் தொலைபேசி இலக்கம் 1938. பொலிஸ் நிலையங்களில் பெண்கள், சிறுவர் பிரிவு உண்டு. பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் சொல்லலாம். அன்றைய திகதி, நேரம், சொன்ன வார்த்தை ஆகியவற்றை வீட்டுக்கு வந்ததும் எழுதி வையுங்கள். நம்பிக்கையான ஒரு பெண்ணிடம் அன்றே சொல்லி வையுங்கள்.

ஒரே தொழில் செய்பவர்கள் எதிரிகளா?

முதலில் சொன்ன எட்டுத் தையற்காரிகளை நினைத்துப் பார்ப்போம். ஒருவருக்கு ஒருவர் விலையைக் குறைத்துக்கொண்டே போனால் எட்டுப் பேரும் கூலி இல்லாமல் தைப்பார்கள். எட்டுப் பேரும் சேர்ந்தால் ஒரு பாடசாலையின் விளையாட்டுப் போட்டிக்கு வேண்டிய உடைகளை ஒரு கிழமைக்குள் தைத்துக் கொடுக்க முடியும். தனி ஒருத்தி அதிபரிடம் போய் 200 உடை கேட்க முடியாது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பெயரில் போனால் கேட்கலாம். ஒருவர் வெட்டுவதில் கெட்டிக்காரி, ஒருவர் பொத்தான் துளை தைப்பதில், ஒருவர் பேசுவதில். பேசத் தெரிந்தவரை ஓடர் பிடிக்க அனுப்புங்கள். அவருடைய பஸ் செலவையும் அன்றைய கூலியையும் எல்லோரும் பகிருங்கள்.

மூலப்பொருள் வாங்குவதிலும் இப்படித்தான். 2022 பொருளாதார நெருக்கடியில் மாவும் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் நாம் பட்டபாடு தெரியும். அந்த நாட்களில் ஐந்தாறு பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கிப் பிரித்தவர்களும், ஒரே அடுப்பில் முறை வைத்து வறுத்தவர்களும் தொழிலை விடாமல் இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் கூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. நுண்கடன் கம்பனிகள் எமது குழு உறவையே பிணையாக்கின. ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் அவள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். எத்தனையோ நல்ல சிநேகிதங்கள் அந்த வாசல்களில் முறிந்தன. நிலைமை முற்றியதால் 2018 இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களுக்கு அரசாங்கம் நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது. சேர்ந்து வாங்குங்கள், சேர்ந்து விற்றுக்கொள்ளுங்கள். இன்னொருவருடைய கடனுக்குக் கையொப்பமிடுவதற்கு முன்னர் இரண்டு நாட்கள் யோசியுங்கள்.

கண்காட்சியும் கைத்தொலைபேசியும்

பிரதேச செயலகங்களும் நிறுவனங்களும் விற்பனைக் கண்காட்சிகள் நடத்துகின்றன. யாழ்ப்பாணத்தில் முற்றவெளியில் 2010 முதல் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி நடந்து வருகிறது. 25 நாட்கள் நடைபெறும் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வெளிநாட்டிலிருந்தும் எம்மவர் வருகிறார்கள். இத்தகைய இடங்களுக்குப் போகும் பெண்கள், எவ்வளவு விற்றது என்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அன்று விற்ற காசு அன்றோடு போகும். அங்கே சந்தித்தவர்களுடைய தொலைபேசி இலக்கங்கள் வருடம் முழுவதும் பயன்படும். மேசையில் கொப்பி ஒன்றை வைத்து, விரும்புகிறவர்களின் பெயரையும் இலக்கத்தையும் என்ன வாங்கினார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள், "தூள் எப்படி இருந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள். பக்கத்து மேசைப் பெண்களோடும் பேசுங்கள். மட்டக்களப்பிலிருந்து கைத்தறிச் சேலையோடு வந்தவருக்கு உங்கள் பனங்கட்டி தேவைப்படலாம்.

வாட்ஸ்அப் இன்று அநேகமான வீடுகளில் உண்டு. ஒரு நாளைக்குப் பத்துப் படம் அனுப்பினால் ஆட்கள் எரிச்சலடைவார்கள். புதிதாக இடித்த அன்று ஒரு படம், விலை, எப்போது கிடைக்கும் என்ற ஒரு வரி போதும். தெரியாதவர் பெரிய ஓடர் தருவதாகச் சொல்லி வங்கி அட்டை இலக்கத்தையோ, தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தையோ கேட்டால் கொடுக்க வேண்டாம். புதியவருக்குப் பாதிப் பணம் முன்னதாக வந்த பின்னரே பொருளை அனுப்புங்கள்.

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு சொல். மாதா மாதம் பணம் கேட்டு எடுக்கும் தொலைபேசி அழைப்பு அவர்களுக்கும் பாரம், எமக்கும் கூச்சம். விடுமுறைக்கு வந்து திரும்பும் அயலவர் பையில் 2 கிலோ தூளும் புழுக்கொடியலும் அனுப்பி, "உங்கட சிநேகிதருக்கும் குடுத்துப் பாருங்கோ, பிடிச்சால் அடுத்த முறை விலைக்குத் தாறன்" என்று சொல்லுங்கள். உதவி கேட்கும் உறவாக இருந்தது கொடுக்கல் வாங்கல் உறவாக மாறும்போது, இரு பக்கமும் நிமிர்ந்து பேச முடிகிறது.

இந்த மாதம் செய்யக்கூடியவை

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. இந்த மாதத்துக்கு நான்கு வேலைகள் மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, கொப்பி ஒன்றில் முப்பது பெயர்களை எழுதுங்கள். அதில் பாதிக்கு மேல் உறவினர் அல்லாதவராக இருக்கட்டும்.

இரண்டாவது, அவர்களில் ஐந்து பேரிடம், "உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது இது தேவைப்படுமா?" என்று கேளுங்கள்.

மூன்றாவது, முகாமிலோ இடம்பெயர்ந்த ஊரிலோ பழகிய ஒருவரைத் தேடிப் பிடித்துத் தொலைபேசியில் சுகம் விசாரியுங்கள். அன்று வியாபாரம் பேச வேண்டாம்.

நான்காவது, பிரதேச செயலகத்துக்குப் போகும்போது சிறுதொழில் முயற்சிகளுக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் யார் என்று கேட்டு, உங்கள் பெயரையும் தொழிலையும் பதிந்துவிட்டு வாருங்கள்.

தொலைபேசியை எடுக்கும்போது முதலில் கை தயங்கும். மறுமுனையில் இருப்பவர் எம்மை மறந்திருப்பாரோ என்று தோன்றும். அந்தக் கறித்தூள் சகோதரியும் வவுனியாவுக்கு எடுப்பதற்கு முன் இரண்டு நாட்கள் தயங்கினார். எடுத்ததும் மறுமுனையில் கேட்ட முதல் கேள்வி, "உங்கட சின்னவனுக்கு அந்த இழுப்பு இப்ப சுகமோ?" என்பதுதான்.